சீன வெள்ளிக் காசு: ஊரில் எங்கே சோதிக்கலாம், எது வரை நம்பலாம்

பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று போய்த் தொழில் செய்த குடும்பங்களின் பெட்டிகளில் சீன வெள்ளிக் காசு தனியாகக் கிடப்பதில்லை. ஒரே துணிப் பையில் பிரிட்டிஷ் வணிக டாலர், பிரெஞ்சு இந்தோசீன பியாஸ்தர், ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் எல்லாம் கலந்திருக்கும். பங்கு பிரிக்கும்போது எல்லாவற்றுக்கும் ‘சீனக் காசு’ என்று ஒரே பெயர்தான். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த இந்த முறை அப்படி ஒரு பையைக் காரைக்குடியிலும் சென்னையிலும் காட்டியதில் எந்தச் சேவை எதற்கு உதவும் என்பது தெளிவானது.

கடைக்குப் போகுமுன் காசுகளைப் பிரித்துவிடுங்கள். சூலம் ஏந்தி நிற்கும் பெண் ஒரு பக்கம், சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (மலாய் மொழிக்கான அரபு வடிவ எழுத்து) மறுபக்கம் என்றால் அது சீனக் காசு அல்ல, பிரிட்டிஷ் வணிக டாலர். 1895 முதல் 1935 வரை வந்தது, பெரும்பாலும் பம்பாயில் அடித்தது. பம்பாய்க் காசில் சூலத்தின் நடுமுனையில் லென்ஸ் வைத்தால் பொடியாக ‘B’ என்ற ஆங்கில எழுத்து தெரியும்.

சீனக் காசில் அதிகம் வருவது சீனக் குடியரசின் தொடக்க கால அதிபர் யுவான் ஷிகாய் தலை போட்டது. இதில் ஆண்டைப் படிக்கத் தெரிந்தாலே சில போலிகள் அங்கேயே கழிந்துவிடும். எழுத்து வலமிருந்து இடம் ஓடுகிறது. காசில் இருப்பது சீனக் குடியரசு தொடங்கியதிலிருந்து எண்ணும் ஆண்டு, அதோடு 1911-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. புழக்கத்துக்கு வந்த ஒரு யுவான் (சீன நாணய அலகு) காசுகள் 3, 8, 9, 10-ஆம் ஆண்டுகளுக்கு மட்டுமே, அதாவது 1914, 1919, 1920, 1921. மூன்றாம் ஆண்டுக் காசில் தலைக்கு மேல் 6 எழுத்து. இடக்கோடியிலிருந்து இரண்டாவது எழுத்து மூன்று கிடைக்கோடாக இருக்கும். மற்ற மூன்று ஆண்டுகளிலும் 7 எழுத்து, ஆண்டு எண் இடக்கோடியிலிருந்து மூன்றாவது. வேறு ஆண்டு போட்ட ஒரு யுவான் காசு கையில் வந்தால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்சென் தலையும் பாய்மரப் படகும் உள்ளது அடுத்தது. 1932-இல் வந்ததில் படகின் மேலே 3 பறவையும் பக்கத்தில் உதயசூரியனும் உண்டு. அவை ஜப்பானை நினைவூட்டியதால் 1933, 1934 காசுகளில் நீக்கிவிட்டார்கள். பறவைக் காசு அரிது என்பதால் அதில் போலியும் அதிகம். 1934 ஆண்டு போட்ட படகுக் காசை 1949-இல் அமெரிக்க நாணயச்சாலைகளிலும் அடித்தார்கள். ஆகவே இந்த ஒரு காசு புதிதாகப் பளபளத்தாலும் அதை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து எடை. யுவான் ஷிகாய் காசு பொதுவாக 26.4 முதல் 26.9 கிராம், குறுக்களவு ஏறக்குறைய 39 மில்லிமீட்டர். படகுக் காசு 26.7 கிராம் அளவில் நிற்கும். தேய்மானத்தில் சில புள்ளிகள் குறையலாம். ஆனால் அதே அளவுள்ள காசு 22, 23 கிராம் காட்டினால் அது ஜெர்மன் சில்வராகவோ (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) பித்தளையில் முலாம் பூசியதாகவோதான் இருக்கும். எடையைச் சரிக்கட்டத் தடிமனைக் கூட்டிய போலிகளும் உண்டு. அவற்றைப் பிடிக்க அடர்த்தி பார்ப்பதுதான் வழி. அதற்குக் கடையே வேண்டாம், வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம்.

0.01 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது, ஒரு புள்ளி மாறினாலே விடை தலைகீழாகிவிடும். காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 26.72 கிராம் காசு 2.59 காட்டினால் 10.3. 90 டச் வெள்ளிக்கு, அதாவது நூற்றில் 90 பங்கு வெள்ளி உள்ளதற்கு, இதுதான் சரியான எண். 88 டச் உள்ள படகுக் காசும் 10.28 அளவில் வரும். 24.10 கிராம் காசு 2.78 காட்டினால் 8.67, ஜெர்மன் சில்வர். பெரும்பாலும் தவறு வருவது காற்றுக்குமிழியால். விளிம்பு வரிகளில் ஒட்டும் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் அசல் என்று ஆகிவிடாது, பித்தளையும்தான் ஒட்டாது.

இனி கடைச் சேவைகள். நகைக்கடைகளிலும் ஹால்மார்க் சென்டர்களிலும் உள்ள டச் மெஷின் இரண்டு நிமிடத்தில் வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை என்று சீட்டு அடித்துக் கொடுக்கிறது. நல்ல சேவை, கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த மெஷினின் எக்ஸ் கதிர் காசின் மேல்தோலை மட்டுமே படிக்கிறது. கனமாக வெள்ளி முலாம் பூசிய செம்பும் அதில் வெள்ளியாகத் தேறிவிடும். தலை, விளிம்பு, தேய்ந்த மேடு என்று மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் எண் பெரிதாக மாறினால் முலாம் என்று சந்தேகப்படலாம். இன்னொன்று, இப்போது நல்ல வெள்ளியிலேயே போலி அடிக்கிறார்கள். மெஷின் 89 என்று காட்டினால் அது வெள்ளிக்கான சான்று மட்டும்தான். அந்தக் காசு 1914-இல் அடித்ததா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

போன ஒரு கடையில், கேட்காமலேயே காசை உரைகல்லில் இழுக்கக் கை நீட்டினார்கள். இன்னொரு கடையில் “ஆசிட்ல போட்டு எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும் சார்” என்றார்கள். இரண்டுக்கும் உடனே ‘வேண்டாம்’ சொல்ல வேண்டும். உரைகல் விளிம்பைக் கெடுக்கும், அதுவும் மேல்தோலை மட்டும்தான் சொல்லும். கறுப்பு ஏறிய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவர் தரும் விலை கண்ணெதிரே இறங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம்.

அசலா என்பதை லென்ஸும் கண்ணும்தான் முடிவு செய்யும். 10 மடங்கு லென்ஸ் போதும். அச்சில் அடித்த காசில் எழுத்தின் கோடுகள் தரையிலிருந்து (எழுத்தும் படமும் இல்லாத வெற்றுப் பகுதி) செங்குத்தாக எழும்பி நிற்கும், தரை வழவழப்பாக இருக்கும். வார்ப்பில் எடுத்ததில் எழுத்தின் அடி மழுங்கி, தரையில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: வரிகளின் நடுவே ஒரு இணைப்புக் கோடோ அரம் போட்ட தடமோ இருந்தால் வார்ப்பு. தேய்மானமும் பேசும். பல கை மாறிய யுவான் ஷிகாய் காசில் காதுக்கு மேலுள்ள முடியும் தோள் பட்டையும் முதலில் தேயும், குழிவான இடங்களில் கோடு தப்பித்திருக்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அது ‘பழசாக்கிய’ காசு. சின்னச் சின்ன முத்திரைக் குத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சீன சராப்புகள் (காசைச் சோதித்து மாற்றுபவர்கள்) சோதித்துக் குத்திய அடையாளம் அது. ஆனால் அதையும் இப்போது போலியாகக் குத்துகிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பவும் கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரச்சாமானும் எனாமல் பாத்திரமும் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சீனக் காசுக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் வெள்ளி விலைதான். அதற்கு ஒரு கணக்கு கையில் இருக்கட்டும்: 26.7 கிராம், 89 டச் காசில் சொக்கவெள்ளி ஏறக்குறைய 23.8 கிராம். அன்றைய விலையால் பெருக்கி வரும் தொகைக்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

‘சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்த் தரச்சான்று வாங்கிக்கொள்ளலாம்’ என்று பெட்டியில் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த காசும் தொல்பொருளாகலாம். தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. யுவான் ஷிகாய் காசுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன, 1933, 1934 படகுக் காசுகள் இன்னும் தாண்டவில்லை. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்தில், தொல்பொருள் அல்ல என்ற சான்று பற்றி முன்கூட்டியே கேளுங்கள், பயணத்துக்கு முந்தைய நாளில் அல்ல. அது வரை காசுகளை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறை மேல் எடை, அடர்த்தி, டச் சீட்டின் எண் மூன்றையும் பென்சிலால் எழுதி, இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் படங்களைச் சிங்கப்பூரில் காசு தெரிந்தவரிடம் காட்டினால், எந்தக் காசுக்கு மேற்கொண்டு செலவு செய்யலாம் என்று சொல்லிவிடுவார்.