வடசேரியில் கட்டிய ஃபெரைட் டிரான்ஸ்பார்மர்

நாகர்கோவில் வடசேரியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள இந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குத் தோப்புப் பம்புகளும் மிக்ஸிகளும் குளச்சல், முட்டம் பக்கத்து மோட்டார்களும்தான் வழக்கமாக வருகின்றன. பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வுக்காக எனக்கு 48 வோல்ட்டை 400 வோல்ட்டாக உயர்த்தும், 100 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் 500 வாட் டிரான்ஸ்பார்மர்கள் இரண்டு தேவைப்பட்டன. ஒன்றிரண்டுக்குப் பெரிய நிறுவனங்கள் விலை சொல்லவே தயங்கியதால், ஈடிடி 39 என்ற அளவிலான ஃபெரைட் (காந்தப் பீங்கான்) கோர், கம்பி சுற்றும் பாபின், செம்புக் கம்பி, மஞ்சள் டேப் எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன்.

வரைபடத்தைப் பார்த்த கடைக்காரர், “சாரே, பிரைமரி ஆறு சுத்துதானா? பூஜ்யம் ஏதும் விட்டுப்போச்சா?” என்று கேட்டார். 48 வோல்ட் நுழையும் சுருள்தான் பிரைமரி. 50 ஹெர்ட்ஸில் நூற்றுக்கணக்கில் சுற்றிப் பழகியவர் கேட்க வேண்டிய கேள்விதான். அதிர்வெண் 2000 மடங்கு ஏறிவிட்டதால், உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கோரில் ஆறே சுற்றுக்குக் காந்தப்பாய அடர்த்தி 0.16 டெஸ்லாவோடு நின்றுவிடுகிறது. ஃபெரைட் சூடேறிய நிலையிலும் ஏறத்தாழ 0.4 டெஸ்லா வரை தாங்கும்.

இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்புறத்தில் சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஒதுங்கிவிடுவதால், தடித்த ஒற்றைக் கம்பி பயன்படாது. 36 கேஜ் இழைகள் 80ஐச் சேர்த்து, ஒரு முனையைச் சன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை டிரில் மெஷினில் கவ்வவிட்டு, கயிறு திரிப்பதைப் போல அவர் முறுக்கியதில் ஓர் இழைகூட அறவில்லை. 400 வோல்ட் வெளிவரும் செகண்டரியின் 54 சுற்றையும் இரண்டாகப் பிரித்து, 27 உள்ளே, பிரைமரி நடுவே, 27 வெளியே என்று கட்டச் சொன்னதற்கு முகம் சுளிக்கவுமில்லை. செகண்டரியைப் பிரிக்காமல் கட்டியிருந்தால் வந்திருக்கக்கூடிய லீக்கேஜ் இண்டக்டன்ஸில் (ஒரு சுருளிலிருந்து மற்றதைச் சேராமல் கசியும் காந்தப்பாயத்தால் வருவது) ஏறத்தாழ கால் பங்குதான் மீட்டரில் தெரிந்தது. கைவேலையில் குறை சொல்ல இடமில்லை.

தவறு வார்னிஷில் நேர்ந்தது. உப்புக் காற்றடிக்கும் ஊர்களுக்கு மோட்டார் கட்டுபவர் என்பதால் எதையும் வார்னிஷில் முக்காமல் கொடுக்க அவருக்கு மனம் வராது. எனக்கோ, கோரைப் பொருத்துவதற்கு முன் சுருளை மட்டும் முக்குங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் முழுவதுமாக முக்கிவிட்டார். கோரின் இரு பாதிகளும் சேரும் முகத்தில் தலைமுடியைவிட மெல்லிய படலம் நுழைந்து காற்று இடைவெளியின் வேலையைச் செய்ததில், 95 மைக்ரோஹென்றியை ஒட்டி இருக்க வேண்டிய பிரைமரியின் இண்டக்டன்ஸ் 50க்கு இறங்கிவிட்டது. மறுநாள் கொண்டுபோனபோது தின்னரால் துடைத்து, கிளிப் போட்டு இறுக்கித் தந்தார். கூடுதல் கூலி கேட்கவில்லை.

கூலி ஒன்றுக்கு 650 ரூபாய். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னது ஐந்து நாளானது. பம்பு மோட்டார் அவசரமாக வந்தால் நம் வேலை ஓரமாகிவிடும். இழைகளின் இனாமலைப் பிளேடால் சுரண்டுவதால் நான்கைந்து இழைகள் ஈயம் பிடிக்காமல் தப்பிவிடுகின்றன. முனைகளை நீங்களே சால்டர் செய்துகொள்வதாகச் சொல்லி நீளமாக விட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.