சிலிண்டரைத் தூக்கக் கற்றுக்கொடுத்த கோச்: வடவள்ளி மாடி ஜிம்மில் ஒன்பது மாதம்

போன ஆடி மாதம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த தம்பி ஏதோ அவசரத்தில் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்தான். வாசற்படியைத் தாண்டி உள்ளே எடுத்து வைக்க வேண்டும், அரை அடி உயரம்கூட இருக்காது. இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். நகர்ந்தது, ஆனால் தரையை விட்டு எழும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் காலேஜ் முடிந்து வரும் வரைக்கும் அது வாசலிலேயே நின்றது. அப்போது எனக்கு 56 வயது. என் அம்மாவைக் கடைசி மூன்று வருஷம் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்தவள் நான், அதே கை இப்போது இப்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த ஆவணியிலேயே ஜிம்மில் சேர்ந்தேன். கோயம்புத்தூர் வடவள்ளியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு பெரிய ஹால்தான் மொத்த ஜிம்மும். பெயரைப் போடவில்லை, காரணம் கோச்சிடம் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது "பேரு வேண்டாங்க அக்கா, இருக்கிற இருபத்தஞ்சு பேரைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியா இருக்குது" என்றார். அதை மதிக்கிறேன். ஆனாலும் இப்படி ஒரு கோச்சைத் தேடும்போது என்ன பார்க்க வேண்டும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகவே இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நான் உடம்பைக் கவனிக்காமல் இருந்தவள் இல்லை. பத்து வருஷமாக வாரம் ஐந்து நாள், நாற்பது நிமிஷம் நடக்கிறேன், வேலையில் இருந்தபோது ரேஸ் கோர்ஸைச் சுற்றி, இப்போது மருதமலை ரோட்டில். டாக்டரும் நடங்கள் என்றுதான் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்று இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும், வாட்ஸப்பில் பத்து தடவை வந்திருக்கும். அதே பரிந்துரையில் வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது, அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை. முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. நடை மூச்சுக்கும் மனசுக்கும் நல்லது, அதை நான் விடவே மாட்டேன். ஆனால் சிலிண்டரைத் தூக்கும் பலம் நடையில் வராது.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஜிம் தேவைப்படவில்லை. கிணற்றில் தண்ணீர் சேந்தினார், உலக்கை பிடித்தார், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார், தரையில் உட்கார்ந்து எழுந்தார், எழுபது வயதிலும் புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றினார். மோட்டாரும் நம்ம ஊர் கிரைண்டரும் வந்தபோது நமக்கு நிம்மதி, அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வேலை போன இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை.

இதற்கு முன்னால் ஒரு தடவை ஜிம் முயற்சி செய்து கையைச் சுட்டுக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏசி, கண்ணாடிச் சுவர், ஒரு வருஷப் பணம் முன்கூட்டியே. எனக்கும் பக்கத்தில் இருந்த 24 வயதுப் பெண்ணுக்கும் ஒரே அட்டை, ஒரே பயிற்சி. டிரெயினர் செல்போனைப் பார்த்துக்கொண்டே "இன்னும் பத்து" என்பார். மூன்றாவது வாரம் புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார்கள், ஐந்தாவது வாரம் முட்டி வீங்கியது, அத்தோடு நின்றுவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை. வயது ஆகிவிட்டது, இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைதான் அந்தப் பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

இங்கே முதல் நாள் என்னைக் கம்பியைத் தொடவே விடவில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேள்விதான். பிரஷர் மாத்திரை உண்டா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை, இன்சுலின் உண்டா, படியேறும்போது நெஞ்சு அடைக்குமா, கடந்த ஒரு வருஷத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா, கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதா. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். அப்புறம் ஒரு மர நாற்காலியைப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு முப்பது வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். எனக்குப் பத்து. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கு வைத்திருக்கிறார்களாம். ஒற்றைக் காலில் நின்றால் வலது 14 வினாடி, இடது 6. எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதினார்.

அந்த நோட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் 192 பக்க நோட்டு, பிரவுன் அட்டை, ஆளுக்கு ஒன்று. தேதி, பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை, கடைசியில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் நாம்தான் நம்பர் சொல்ல வேண்டும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை என்று. ஏழு என்றால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டுவார். ஒன்பது என்றால் அப்படியே. ஒரு நாள் ராத்திரி பேத்திக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் போனேன், வழக்கமான எடைக்கே ஒன்பது சொன்னேன், உடனே இரண்டு தட்டைக் கழற்றிவிட்டு "இன்னைக்கு உடம்பு இவ்வளவுதாங்க கேட்குது" என்றார். அவ்வளவுதான், உபதேசம் எதுவும் இல்லை. நாம் கொடுக்கும் பணம் இதற்குத்தான், நம்மைப் பார்க்கும் கண்ணுக்கும் எழுதி வைக்கும் கைக்கும். இரும்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதல் மாதம் வெறும் குச்சியும் நாற்காலியும். நாற்காலி மேல் தலையணை வைத்து உட்கார்ந்து எழுவது, இரண்டு வாரத்தில் தலையணை போனது, அப்புறம் 4 கிலோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. டெட்லிஃப்ட் என்பது தரையில் இருக்கும் எடையை நின்ற நிலைக்குத் தூக்குவது. அதற்கு முதலில் ஒரு நீளக் குச்சியை முதுகில் வைத்து, தலை, முதுகு, இடுப்பு மூன்றும் குச்சியை விட்டுப் பிரியாமல் குனியப் பழக்கினார். நாம் ஐம்பது வருஷமாக முதுகை வளைத்துத்தான் குனிகிறோம், கோலம் போடுவதும் அப்படித்தான், இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிவது என்பது எனக்கு வரவே மூன்று வாரம் ஆனது. அப்புறம் 8 கிலோ கெட்டில்பெல், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, அதுவும் இரண்டு செங்கல் மேல் வைத்து, நான் அதிகம் குனிய வேண்டாம் என்று. மாதம் ஆக ஆக ஒரு செங்கல் போகும், எடை கொஞ்சம் ஏறும். எனக்கு பிரஷர் மாத்திரை உண்டு என்பதால் மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது ஊதி விட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும், சலிக்காமல், இன்று வரை சொல்கிறார்.

நான்காவது மாதம் தப்பு நான்தான் செய்தேன். கொஞ்சம் பலம் வந்ததும் வீட்டில் அரிசிச் சிப்பத்தை, 25 கிலோ, டிரம் பக்கம் நகர்த்தலாம் என்று அவசரத்தில் திரும்பியபடியே தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இதோடு முடிந்தது என்று நினைத்து கோச்சுக்குப் போன் செய்து இனிமேல் வரவில்லை என்றேன். கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் டாக்டரைப் பார்த்துவிட்டு மூன்றாவது நாள் வரச் சொன்னார். போனபோது பாதி எடைகூட இல்லை, திரும்பவும் செங்கலும் குச்சியும். பத்து நாளில் சரியானது. முன்பு என்றால் ஒரு மாதம் படுத்திருப்பேன், அதற்குள் இருந்த தசையும் போயிருக்கும். தோள்பட்டை விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது, இடது கையைப் பின்னால் கொண்டு போய் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாமல் ஆனது, இரண்டு வாரம் பார்த்துவிட்டு "இது என் வேலை இல்லீங்க அக்கா, பிசியோகிட்டப் போங்க" என்று அனுப்பிவிட்டார். என்னைப் போல் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம் என்று அங்கே போனதும்தான் தெரிந்தது. தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்த கோச் கிடைப்பது சாதாரணம் இல்லை.

சாப்பாட்டுக்கு டயட் சார்ட் எதுவும் தரவில்லை. மூன்று நாள் சாப்பிட்டதை அப்படியே எழுதி வரச் சொன்னார். காலையில் இட்லி சட்னி, மதியம் சோறு சாம்பார், சாயங்காலம் டீ பிஸ்கட், ராத்திரி தோசை. எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம், என் 68 கிலோவுக்கு 56 கிராம் வர வேண்டும், நான் சாப்பிட்டது அதற்குப் பக்கத்திலேயே இல்லை. இப்போது காலையில் இரண்டு முட்டை, அதில் 12 கிராம் வந்துவிடும், சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், 50 கிராம் கொண்டைக்கடலை ஊறப்போட்டால் ஒரு 10 கிராம், சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக. புரட்டாசியில் முட்டை இல்லை, பனீரும் சோயாவும் வைத்துச் சமாளித்தேன். ஒரு டப்பா பவுடரைக்கூட விற்க முயற்சி செய்யவில்லை.

என் மகளுக்கு ஆரம்பத்தில் பயம், இந்த வயதில் எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்று. நியாயமான பயம்தான். அவளே தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னது எனக்கு ரொம்பத் தெம்பாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து லிஃப்ட்மோர் என்று ஒரு ஆய்வு, 2018இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடை, பக்கத்தில் பயிற்சியாளர். இன்னொரு பாதிப் பேருக்கு வீட்டில் லேசான பயிற்சி. கனம் தூக்கியவர்களுக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருக்கிறது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருக்கிறது. அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது பழைய ஒன்று. 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள், முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில்! எங்கள் பேட்ச்சிலேயே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 67 வயது ஐயா ஒருவர் இருக்கிறார், கையில் தடியோடு மாடியேறி வந்தவர், இப்போது அந்தத் தடி ஜிம் மூலையில் செருப்புக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப் போக மறந்துவிடுகிறார்.

குறையும் சொல்ல வேண்டும். லிஃப்ட் கிடையாது, இரண்டு மாடி ஏற முடியாதவர்கள்தான் முதலில் வர வேண்டிய இடம் அது, அவர்களால்தான் வர முடியாது. கழிப்பறை ஒன்றுதான், பெண்களுக்குத் தனியாக வேண்டும், மூன்று தடவை சொல்லிவிட்டேன். சாயங்கால பேட்ச்சில் பையன்கள் வருவார்கள், பாட்டுச் சத்தத்தில் கோச் சொல்வது காதில் விழாது, காலைதான் நல்லது. மாதம் 3,500 ரூபாய், வாரம் மூன்று நாள். பென்ஷனில் இருப்பவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. வாரம் இரண்டு நாளுக்கு ஒரு குறைந்த கட்டணம் வைத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். ஐந்துக்கு நான்கு போடுகிறேன், அந்த ஒன்று கழிப்பறைக்காகக் குறைத்தது.

எடை குறையும் என்று போகாதீர்கள். ஒன்பது மாதத்தில் எனக்கு இரண்டரை கிலோதான் குறைந்தது. ஆனால் நாற்காலியில் பத்து இப்போது பதினேழு. இடது கால் 6 வினாடி, இப்போது 25. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.2இலிருந்து 6.6, அதில் டாக்டர் மாத்திரைக்கும் பங்கு உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் தரையில் உட்காரச் சொன்னால் யார் கையையும் தேடாமல் எழுகிறேன். கிரைண்டர் கல்லைக் கழுவ எடுக்க மகனைக் கூப்பிடுவதில்லை.

போன வாரம் சிலிண்டர் வந்தது. வளையத்துப் பட்டையில் காலிச் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள், இதில் 15.9 என்று இருந்தது. உள்ளே இருக்கும் கேஸ் 14.2. மொத்தம் 30.1 கிலோ. நோட்டில் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தது 32.5, ஐந்து தடவை, கட்டத்தில் ஏழு. தம்பி உள்ளே தூக்கி வைக்கக் குனிந்தார், வேண்டாங்க தம்பி, அங்கேயே வைங்க என்றேன். பாதத்தைச் சிலிண்டரை ஒட்டி வைத்தேன், இடுப்பைப் பின்னால் தள்ளினேன், இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து, மூச்சை ஊதிக்கொண்டே எழுந்தேன். வாசற்படியைத் தாண்டி, ஹாலைக் கடந்து, சமையலறையில் அடுப்புக்குக் கீழே கொண்டு போய் மெதுவாக இறக்கினேன். அப்புறம் கோச்சுக்குப் போன் போட்டேன். "கட்டத்துல எத்தனைங்க அக்கா?" என்று கேட்டார். ஆறு என்றேன்.