செம்மண் லோடு அடிக்கப் போகிறீர்களா? வண்டியை அளக்காமல் பணம் தராதீர்கள்

மதுரைப் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு மண் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

எங்கள் கொல்லை 20 அடி நீளம், 15 அடி அகலம். ஒரு அடி உயரத்துக்கு மண் போட 300 கன அடி வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் 3 யூனிட். வெட்டி வந்த மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் பட்டதும் அமுங்கிவிடும். அதற்காகக் கூட்டி 4 யூனிட் கேட்டேன். "ரெண்டு லோடு சார், வண்டிக்கு ரெண்டு யூனிட். அசல் சிவகங்கைச் செம்மண்" என்று பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டார் வியாபாரி.

முதல் லோடு கொட்டியதுமே குவியல் சின்னதாகப் பட்டது. இரண்டாவது வண்டியைக் கொட்டவிடாமல் நிறுத்தி, பாடியை உள்பக்கம் டேப் வைத்து அளந்தேன். நீளம் 10 அடி, அகலம் ஆறரை, உயரம் 2. பெருக்கினால் 130 கன அடிதான். அதிலும் மண்ணை நடுவில் கூம்பாகக் குவித்திருந்தார்கள். ஓரங்களில் பலகைக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. தலைதட்டினால் 130கூடத் தேறாது. வியாபாரிக்குப் போன் போட்டால், "லோடு கணக்குதானே சார் பேசினோம்? பத்தலைன்னா இன்னொரு லோடு அடிச்சுக்கோங்க" என்கிறார்.

மண்ணைக் கிளறியதும் வயிறு எரிந்தது. மேலே செக்கச்செவேல், உள்ளே சிமெண்ட் பூச்சுக் கட்டிகள், உடைந்த டைல்ஸ். எங்கோ வீடு இடித்த கழிவு. சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். இரும்புச் சத்து வேருக்கு எட்டாமல் இளம் இலைகள் வெளுக்கும். அளவில் அடித்ததைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவது லோடைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முன்பணம் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை.

தயவுசெய்து லோடு கணக்கில் பேசாதீர்கள். கன அடிக்கு என்ன விலை என்று கேளுங்கள், வண்டியின் உள் அளவை ரசீதில் எழுதி வாங்குங்கள். கொட்டும் முன் தலைதட்டச் சொல்லி அளங்கள், மண்வெட்டியால் அடிவரை ஒரு இடத்தில் தோண்டிப் பாருங்கள். அப்புறம் நான் மண் வாங்கிய இன்னொருவர், டேப்பை எடுத்ததும் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார்.