இலக்கணம் சரி, ஷிப்மென்ட் தேதி எங்கே? ஆங்கில மெயில் திருத்தும் செயலியோடு சில வருடங்கள்

"பாதி விலைக்குப் போட்டிருக்காங்களாமாங்கண்ணா, வாங்கலாமுங்களா?" என்று பக்கத்துக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரோடு ஆர்டர் பேசி முடிக்கிற வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கில மெயிலைத் திருத்தித் தரும் அந்தச் செயலியைத்தான் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் போடலாம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் கோபம் வந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளம்.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வீடியோவுக்கு நடுவே வந்து விளம்பரம் காட்டுகிற வகை என்றாலே புரிந்துவிடும். என்னென்ன வசதி, எந்த பிரவுசரில் ஓடும் என்பதெல்லாம் அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூரில் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்கு, அதாவது பையருக்கு, மெயில் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது உதவுமா என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், போகப்போக மனசு வராது. நம் மொழியில் இல்லாத 'ஏ', 'ஆன்', 'தி' சமாச்சாரத்தை இது நன்றாகப் பிடிக்கிறது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் 'அபவுட்'டை வெட்டுகிறது. 'வீ ஆர் ஹேவிங் டூ ஆப்ஷன்ஸ்' என்றால் 'ஹேவ்' போதும் என்கிறது. ஒருமை பன்மை தடுமாறினால் விடுவதில்லை. இருபது வருடம் எழுதிய கைக்கும் இதில் சறுக்கல் உண்டு.

ஆனால் நான் எதிர்பார்க்காத லாபம் வேறு இடத்தில் கிடைத்தது. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு, கோயம்புத்தூர் பக்கக் கல்லூரி ஒன்றில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பட்டம், அதை முடித்து நேராக நம்மிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளைச் சொல்கிறேன். துணியை விரலால் தடவிப் பார்த்தே ஏறக்குறைய ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்லிவிடுவார்கள். டையிங் மாஸ்டரோடு சரிக்குச் சரி நின்று ஷேடு பேசுவார்கள். பையருக்கு நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் அந்த மெயில் மத்தியானம் வரை டிராஃப்டில் கிடக்கும். யாராவது சீனியர் பார்த்துத் தரட்டும் என்று காத்திருப்பார்கள். சீனியர் சாயப்பட்டறையில் இருப்பார். இந்தச் செயலி வந்தபின் அந்தக் காத்திருப்பு போயிற்று. தப்பைத் தனியாக, சத்தமில்லாமல், சிரிக்காமல் காட்டுகிற ஆள் கிடைத்ததுபோல அவர்களுக்கு ஒரு தெம்பு. மெயில் பத்தரைக்கே போய்விடுகிறது. ஐரோப்பாக்காரர் காலை ஒன்பதுக்கு உட்காரும்போது, குளிர்காலமானால் நமக்குப் பகல் ஒன்றரை, கோடையானால் பன்னிரண்டரை. அதற்கு முன்னால் மெயில் அவர் பெட்டியில் இருந்தால் அன்றைக்கே பதில் வர வாய்ப்பு உண்டு. பிந்தினால் ஒரு நாள் போச்சு. இந்த ஒரு நாளுக்காகவே சந்தா கொடுக்கலாம் என்று அப்போது நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். அதன் பெயர் டோன் பேனல். எழுதுகிற மெயிலின் தொனியை அளந்து, பக்கத்தில் ஒரு முகத்தையும் ஒரு மதிப்பெண்ணையும் காட்டுகிற பட்டை. 

ஒரு லேப் டிப் விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது கலர் சரிதானா என்று பையர் பார்த்துச் சொல்ல அனுப்புகிற சாயமேற்றிய துணித் துண்டு. ஸ்டைல் 4471, நேவி கலர். ஏ, பி, சி மூன்று ஆப்ஷனும் கூரியரில் பையர் கைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. சத்தம் இல்லை. பட்டறையில் நமக்கு ஒதுக்கிய டையிங் ஸ்லாட் போய்விட்டால் அடுத்தது ஒரு வாரம் கழித்துத்தான். அப்போது எழுத வேண்டிய மெயில் இரண்டே வரி: "ப்ளீஸ், ஸ்டைல் 4471 நேவி லேப் டிப்பை மார்ச் 14, வியாழனுக்குள் அப்ரூவ் செய்யவும். அதற்கு மேல் போனால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி ஏப்ரல் 20-லிருந்து 27-க்கு நகரும்." ப்ளீஸ் இருக்கிறது, தேதி இருக்கிறது, தவறினால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி, அதாவது சரக்கு நம் கம்பெனியை விட்டுக் கிளம்பும் தேதி, என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. இதை இங்கிலீஷில் எழுதினால் பேனல் முகம் சுளிக்கிறது. அதட்டுவதுபோல இருக்கிறதாம். அதற்குப் பதிலாக அது எழுதித் தருவது, நலம் விசாரிப்பில் தொடங்கி, உங்களுக்கு வேலை அதிகம் இருக்கும் என்று புரிகிறது என்று பரிவு காட்டி, வசதிப்பட்டால் லேப் டிப் பற்றி உங்கள் எண்ணத்தைப் பகிர முடியுமா என்று ஐந்தாவது வரியில் முனகுகிற மெயில். மார்ச் 14 கடைசி வாக்கியத்தில் தொங்குகிறது. சில நேரம் அதுவும் இல்லை, 'இந்த வாரத்துக்குள்' என்று கரைந்துபோகிறது. பேனலில் பச்சை முகம், தொண்ணூற்றைந்து மார்க்.

அந்தப் பக்கம் இருக்கிற ஆள் இதைப் போனில், ரயிலில், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பார்ப்பார். அவர் கண்ணில் படுவது சப்ஜெக்ட் லைனும் முதல் ஒன்றிரண்டு வரியும்தான். அங்கே நலம் விசாரித்துக்கொண்டிருந்தால் லேப் டிப் எப்படி அப்ரூவ் ஆகும்? அமெரிக்க ராணுவத்தில் கடிதம் எழுதுவதற்கென்றே ஒழுங்குவிதி வைத்திருக்கிறார்கள். முக்கியமான விஷயம் முதலில் வர வேண்டும் என்பது அதில் அடிப்படை. 'பாட்டம் லைன் அப் ஃப்ரண்ட்', சுருக்கமாக 'பிளஃப்' என்பார்கள். துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது.

தாமதமான ஷிப்மென்ட் என்று வந்துவிட்டால் இதே பேனல் வேறு வேலை செய்யும். 'யூ ஹேவ் நாட் அப்ரூவ்டு' என்று எழுதினால் குற்றம் சாட்டுகிற தொனி என்று சிவப்புக் கோடு போடுகிறது. சரி, ஆளை எடுத்துவிட்டு 'அப்ரூவல் ஹேஸ் நாட் பீன் ரிசீவ்டு' என்று மாற்றினால், இலக்கணப் பட்டை எழுந்து செயப்பாட்டுவினை வேண்டாம், யார் செய்தது என்று சொல் என்கிறது. சொன்னால் டோன் பேனலுக்கு வருத்தம், சொல்லாவிட்டால் இலக்கணப் பட்டைக்கு வருத்தம். இரண்டும் ஒரே செயலி, ஒரே சந்தா.

வெளியே இருப்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். நம் தொழிலில் யாரால் தாமதம் என்பது பணக் கணக்கு. எஃப்ஓபி ஆர்டரில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றுவதுவரை மட்டும் நம் பொறுப்பு என்கிற ஆர்டரில், கப்பல் கூலி பையருடையது. தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு, சரக்கு விமானத்தில் போக வேண்டி வந்தால் அந்தக் கூலி கடல் வழியைவிடப் பல மடங்கு. பையர் தலையிலா, நம் தலையிலா என்ற சண்டை ஆரம்பித்தால் சாட்சி சொல்லப்போவது மெயில் ட்ரெயில், அதாவது இரு பக்கமும் எழுதிய மெயில்களின் தொடர் ஒன்றுதான். 'லேப் டிப் மார்ச் 5-ல் உங்களுக்குக் கிடைத்தது, அப்ரூவல் மார்ச் 22-ல் வந்தது' என்று நேராக எழுதிய ஒரு வரி இருந்தால் பேசலாம். 'அப்ரூவலில் சிறிது தாமதம் நேர்ந்தது' என்ற மெத்தென்ற வரியை வைத்துக்கொண்டு என்ன பேச? யார் தாமதித்தது, எத்தனை நாள், எதுவுமே அதில் இல்லை. செயலி அதற்குத்தான் நூற்றுக்கு நெருக்கமாக மார்க் போடும்.

என் ஆத்திரத்தின் மையம் இதுதான். எழுதியிருப்பதை மட்டும் இது பார்க்கிறது, எழுதாமல் விட்டதை ஒருநாளும் கேட்பதில்லை. பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் இல்லாத மெயில், அளவு இல்லாத மெயில், 'ஷார்ட்லி' அனுப்புகிறோம் என்று தேதியைத் தின்ற மெயில், எல்லாவற்றுக்கும் பச்சை முகம். 04/05 என்று தேதி எழுதினாலும் வாய் திறக்காது. லண்டன்காரருக்கு அது மே 4, நியூயார்க்காரருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. கமாவுக்கு மூன்று யோசனை சொல்கிற செயலி இதைச் சொல்ல மாட்டேன் என்கிறது. சப்ஜெக்ட் லைனையோ அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. 'ரீ: ரீ: ரீ: அர்ஜென்ட்' என்று போகிற மெயிலை 'ஸ்டைல் 4471, நேவி லேப் டிப், அப்ரூவல் மார்ச் 14-க்குள்' என்று மாற்றினால் பதில் வேகமாக வருகிறது. அதை ஜூனியர்களுக்கு நான்தான் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருந்தது.

தொழில் வார்த்தைகளில் படுத்துகிற பாடு தனி. சாயம் ஏற்றாத கோரா துணிக்கு 'கிரேய்ஜ்' என்று எழுதினால் வெளிர் பழுப்பு நிறத்தைச் சொல்கிற 'பேஜ்' என்று மாற்றச் சொல்கிறது. கோரா துணியும் பேஜ் கலர் துணியும் ஒன்றா? அவசரத்தில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று அழுத்துகிற கை வாய்த்தால் கதை கந்தல். சொந்த அகராதி ஒன்று வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய முதல் நாளே ஸ்பைராலிட்டி, காம்பாக்டிங், ஜிஎஸ்எம், சைஸ் செட் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுங்கள். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா அமெரிக்கனா என்பதும் தலைவலி. பையருக்குப் பையர் மாற வேண்டும், ஆனால் செட்டிங் ஒன்றுதான். ஒரு பையருக்கு 'யு' போட்ட 'கலர்' சரியென்றால் அடுத்தவர் மெயிலெல்லாம் கோடு விழும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும், இது கோபத்தில் சொல்வதல்ல. பிரவுசரில் போட்டுவிட்டால் நாம் டைப் செய்வது அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திருத்தம் திரும்பி வருகிறது. பையரோடு ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டிருப்பவர்கள் காஸ்டிங் (விலைக் கணக்கு) பார்க்கிற கம்ப்யூட்டரில் இதை நிறுவாதீர்கள். எங்கள் ஆபீஸில் காஸ்டிங் பார்க்கிற இரண்டு மெஷினிலும் கிடையாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு எல்லாச் செயலியும் முழு மெயிலையும் தானே எழுதித் தரும் பட்டன் ஒன்றை ஒட்டிக்கொண்டன, இதுவும்தான். ஒரு வாரம் ஆசையாக அழுத்திப் பார்த்தோம். 'திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று தொடங்காமல் அதற்கு மூச்சு வராது. டாக்காவிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பையருக்குப் போகிற மெயில்கள் அச்சு எடுத்தமாதிரி ஒரே குரலில் இருந்தால், நம் மெயிலை அவர் எதற்கு முதலில் திறக்க வேண்டும்? அதற்கு நம்மாட்கள் பழைய வழக்கமே மேல்: பையரின் எட்டுக் கேள்விக்கும் கீழேயே நீல எழுத்தில் பதில் எழுதுவது. பார்க்க அழகில்லை. போகப்போக ட்ரெயிலில் ஐந்து கலர் ஏறி ரங்கோலி ஆகிவிடும். ஆனால் எந்தக் கேள்வியும் பதில் இல்லாமல் தப்பாது.

வாரன் பஃபெட் தன் கம்பெனியின் ஆண்டறிக்கையை எழுதும்போது தன் சகோதரிகளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்வாராம். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998-ல் எளிய ஆங்கிலத்துக்காக வெளியிட்ட கையேட்டின் முன்னுரையில் அவரே எழுதியது இது. அறிவுள்ளவர்கள், ஆனால் கணக்குத் துறையைச் சேர்ந்தவர்கள் அல்ல. எங்கள் ஜூனியர்களுக்கு நான் சொல்வது, பையரின் விடுப்பில் அவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற புதுப் பெண்ணுக்கு எழுதுங்கள் என்று. பழைய மெயில் எதையும் படித்திராதவள் இந்த ஒன்றை வைத்து முடிவெடுக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்கிற பட்டன் செயலியில் எந்த மூலையிலும் இல்லை.

சந்தா விஷயத்தில் ஒரு கவனம். தள்ளுபடி முதல் வருடத்துக்கு மட்டும்தான், அடுத்த வருடம் முழு விலையில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கார்டில் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். நிறுத்துவதானால் அப்போதே நிறுத்துங்கள், பின்னால் ரீஃபண்ட் கேட்டு அலைவது தனி உத்தியோகம்.

தம்பிக்கு என் பதில்: பத்து வருடம் மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவருக்கு இது வேண்டாம். இலவசப் பதிப்பே ஏ, ஆன், தி எல்லாம் பார்த்துக்கொள்ளும். மீதிக்கு உங்கள் தலை போதும். ஸ்டார் கேட்டால், இலக்கணத்துக்கு நாலரை, ஜூனியர்களின் பயத்தைப் போக்கியதற்கு ஐந்து, மொத்தத்தில் இரண்டு. கணக்கு உதைக்கிறது என்பீர்கள். உதைக்கட்டும், நேற்றுச் சாயந்தரம்கூட 'பேலன்ஸ் பேமென்ட் டியூ ஆன் ஃப்ரைடே' என்று எழுதியதற்குக் கொஞ்சம் கனிவாகக் கேளுங்கள் என்றது. என் பணத்தை நான் கேட்பதற்கு!

புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று பேருக்கான சந்தாவாகக் கட்டியாயிற்று. அவர்கள் மெஷினில் டோன் பேனலை செட்டிங்ஸில் அணைத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.