வேலூரில் கை மறுபயிற்சி: எட்டு மாத அனுபவத்தின் மதிப்பீடு

ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கும் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு, வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டில் ஆழமான வெட்டு விழுந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்வை எடுத்துச் செல்லும் மீடியன் நரம்பு முழுவதும் அறுந்துபோனது. அறுவை சிகிச்சையில் நரம்பைத் தைத்தபின், கடந்த எட்டு மாதங்களாக வேலூரில் உள்ள ஒரு சிறிய தனியார் பிசியோதெரபி மையத்திற்கு வாரம் இருமுறை சென்று வருகிறோம். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு 350 ரூபாய் வாங்குகிறார்கள். அந்தப் பணம் வீண்போகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

முதல் நாள் அவர்கள் கற்றுக்கொடுத்தது பயிற்சியை அல்ல, பாதுகாப்பை. சூடான டம்ளரை இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே வலது கையால் எடுக்க வேண்டும், இரவு படுக்கும் முன் விரல்களில் காயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். உணர்வில்லாத விரலின் ஆபத்து எங்கள் மாவட்டத்திற்குப் புதிதல்ல. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டே அழிகின்றன என்பதைச் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் உலகுக்கு எடுத்துக்காட்டியது இதே வேலூரில்தான்.

தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும் என்பதால், மணிக்கட்டிலிருந்து விரல்நுனியை எட்டவே ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. இந்த இடங்களின் அமைப்பைத்தான் வரைபடம் என்கிறார்கள். மெர்செனிக், காஸ் ஆகிய மூளை ஆய்வாளர்கள் 1980களில் குரங்குகளின் மீடியன் நரம்பை வெட்டிப் பார்த்தபோது, செய்தி வராமல் போன அந்த இடம் சில மாதங்களில் புறங்கை போன்ற அண்டைப் பகுதிகளின் தொடுதலுக்குப் பதில் தரத் தொடங்கியது. நரம்பு நசுங்கியிருந்தால் இழைகள் பழைய தடத்திலேயே வளர்ந்து வரைபடம் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. வெட்டித் தைத்த நரம்பிலோ இழைகள் தடம் மாறிப் போய்ச் சேர்வதால் வரைபடம் துண்டு துண்டாகவே திரும்புகிறது.

இதை அண்ணனிடம் கண்கூடாகப் பார்த்தேன். ஏழாவது மாதம், கண்ணை மூடச் சொல்லி ஆள்காட்டி விரல்நுனியை அழுத்தியபோது, "நடு விரல்ல தெரியுது மேடம்" என்றார். பயிற்சியாளர் அதற்குக் கவலைப்படவில்லை. மூளைக்கு அது புதிய மொழி, கண் அதற்கு அகராதி என்று விளக்கி, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே தொடுவது, மூடித் தொடுவது, மறுபடி திறந்து சரிபார்ப்பது என்ற வரிசையில் பழக்கினார். பஞ்சு, கோணித் துண்டு, உப்புத்தாள் ஆகியவற்றை வேறுபடுத்துவது அடுத்த படி. கேழ்வரகு நிரப்பிய சட்டியில் புதைத்த சாவியையும் பொத்தானையும் தேடி எடுப்பது அதற்கும் அடுத்தது. அண்ணனின் தொழிலைக் கேட்டறிந்து, ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் துண்டுகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னாரே, அந்த அக்கறைக்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன். தன் தொழிலின் பொருள் கைக்கு வந்ததும், பத்து நிமிடத்தில் சலித்துக்கொண்டிருந்தவர் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார்.

குறைகள் இரண்டு. வீட்டில் நாள்தோறும் நான்கைந்து முறை செய்ய வேண்டிய பயிற்சிகளின் தாளை ஆங்கிலத்தில் மட்டுமே தருகிறார்கள். தமிழ் மட்டும் படிக்கும் தொழிலாளிக்கு அது எதற்கு உதவும்? நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை.

இன்னொன்று, கூடத்தில் மாட்டியிருக்கும் படம். கையை இழந்தவரின் மூளையில் கைக்குரிய இடத்தை முகம் முழுமையாக எடுத்துக்கொள்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் பாடநூல்கள் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் கை அகற்றப்படுவதற்கு முன்பும் பின்பும் மூவரின் மூளையைப் படம்பிடித்து 2025இல் வெளியான ஆய்வில், கையின் வரைபடமும் உதட்டின் வரைபடமும் ஏறக்குறைய மாறாமலே இருந்தன. கையை இழந்து அங்கே வந்து காத்திருப்பவர், தன் கைக்கு மூளையிலும் இடமில்லை என்று படித்துவிட்டுத் திரும்புவது சரியல்ல. அந்தப் படத்தை மாற்ற வேண்டும் என்று வரவேற்பறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காத்திருப்பு நேரம் சுமார் அரைமணி. காலையில் போனால் குறைவு.

குழந்தைகளுக்கு மீள்வதைப்போல் நாற்பதை நெருங்கும் அண்ணனுக்கு முழு உணர்வு மீளாது என்பதைப் பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே மறைக்காமல் சொன்னார். சென்ற வாரம் அண்ணன் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துத் துண்டுகளில் ஏழைச் சரியாக ஆடு, மாடு என்று பிரித்துவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட இன்னும் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டுதான் போடுகிறார்.