டிக்டா, நேம்ட்டியூப்பிளா, டேட்டாகிளாஸா?

ஒரு கடை பில்லுக்கு பைத்தானில் நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். பொருளுக்குப் பெயர், விலை, எண்ணிக்கை. இதை எதில் போட்டு வைப்பது? (பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் இங்கேயும் அப்படியே.)

கை முதலில் போவது டிக்டுக்குத்தான் (dict: ஒவ்வொரு மதிப்பையும் ஒரு கீ, அதாவது பெயர், கொடுத்து வைப்பது). ஆனால் பொருள்["விலை"] என்பதற்குப் பதிலாக அவசரத்தில் பொருள்["விலய்"] = 40 என்று அடித்துவிட்டால், பைத்தான் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் புதிதாக ஒரு கீயை உண்டாக்கிக்கொள்ளும், பழைய விலை அப்படியே கிடக்கும். இந்த ஒரு எழுத்தைத் தேடியே எனக்கு ஒரு சாயங்காலம் போயிருக்கிறது. ஜேசனாக (JSON, நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) வந்து ஜேசனாகவே போகிற தரவென்றால் சரி, டிக்ட் போதும்.

நேம்ட்டியூப்பிளில் (namedtuple: புலங்களுக்குப் பெயர் ஒட்டிய, மாற்ற முடியாத டியூப்பிள்) அந்தப் பிழை நடக்காது, பெயர் சொல்லி எதை மாற்றப் போனாலும் அட்ரிபியூட் எரர் என்று பிழை காட்டிவிடும். இதன் வம்பு வேறு. உள்ளுக்குள் அது வெறும் டியூப்பிள், அதாவது மதிப்புகளின் வரிசை, என்பதால் புள்ளி, அளவு என்று இரண்டு வகை செய்து, புள்ளி(1, 2) == அளவு(1, 2), இரண்டும் சமமா என்று கேட்டால் ட்ரூ (ஆம்) என்று பதில் வரும். பெயர் ஒட்டத்தானே வந்தோம், அந்தப் பெயரையே கண்டுகொள்ளாவிட்டால் எப்படி?

என் ஓட்டு டேட்டாகிளாஸுக்கு (dataclass: தரவை வைக்கவே எழுதுகிற கிளாஸ்). 2018-ல் பைத்தான் 3.7-உடன் வந்தது. கிளாஸின் தலையில் @dataclass என்று ஒரு டெக்கரேட்டர் வரி போட்டால் போதும், இனிட் (மதிப்புகளை நிரப்புவது), ரெப்ர் (எழுத்தாகக் காட்டுவது), ஒப்பிடும் மெத்தட் எல்லாம் தானாக வந்துவிடும். புள்ளியும் அளவும் வேறு வேறு என்பது அதற்குத் தெரியும். ஒரு புலத்துக்கு இயல்பு மதிப்பாக வெறும் [] கொடுத்தால் ஆரம்பத்திலேயே வேல்யூ எரர் எறிந்து காப்பாற்றும். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள், பொருள்.விலய் = 40 இங்கேயும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். 3.10-ல் வந்த ஸ்லாட்ஸ்=ட்ரூ (slots=True) சேர்த்தால்தான், சொல்லாத புலம் நுழையாதபடி கதவு அடைபடும்.

அப்புறம், கிளாஸ் பற்றியே இன்னொரு வம்பு: செல்ஃப் (self, அந்தப் பொருளையே குறிப்பது) என்ற பேச்சே இல்லாத பத்து ஃபங்ஷன்களை ஸ்டாட்டிக்மெத்தட் ஆக்கி ஒரு கிளாஸுக்குள் அடைப்பது. ஜாவாவிலிருந்து வந்த பழக்கம் அது. பைத்தானில் ஒரு கோப்பே ஒரு மாட்யூல், அவற்றை வரி.py என்ற கோப்பில் வைத்தால் வரி.கணக்கிடு() என்று எழுத அது போதும்.

ஆர்டரின் நிலை மாதிரி நாலைந்து மாறாத பெயர்கள் என்றால் மட்டும் ஈனம் (enum) வைத்துக்கொள்ளுங்கள், 3.4-லிருந்தே இருக்கிறது. தமிழில் எழுதினால் பெயர்தான் ஒரு மாதிரி இருக்கும், ஆனால் நிலை.முடிந்தது என்பதில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த வரி ஓடும்போதே மாட்டிக்கொள்ளும்.