கொயோட்டி வேட்டைக்கு எது உகந்தது: பிக்அப்பா, சைடு-பை-சைடா?

மேற்கு டெக்சாஸின் பண்ணை நிலங்களில், ஓநாய்க்கு உறவான கொயோட்டி என்னும் காட்டு விலங்கை வேட்டையாடச் செல்பவர்கள் துப்பாக்கியைப் பற்றியும் அதை அழைக்கும் ஒலிக்கருவியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். வாகனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எது சேற்றில் சிக்காது என்பதோடு முடித்துக்கொள்வார்கள். பழைய வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டிய நிலை எனக்கு வந்தபோது, நான்கு சக்கர இயக்கமுள்ள நடுத்தர அளவு பிக்அப் ஒன்றா (டொயோட்டா டகோமா), இல்லை, என் வேட்டைத் துணைவர் வைத்திருக்கும் போலாரிஸ் ரேஞ்சர் போன்ற சைடு-பை-சைடா (இருக்கைகள் பக்கம் பக்கமாக அமைந்த, கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வண்டி) என்று நெடுநாள் யோசித்து, இறுதியில் டகோமாவையே வாங்கினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையானவற்றில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. சைடு-பை-சைடு எடை குறைந்தது, அகலம் குறைந்தது. நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் புதர்களுக்கிடையே பிக்அப் நுழைய முடியாத சந்துகளில் அது நுழைந்துவிடும். சனவரி மாதத்து வடகாற்றில் கதவும் சூடேற்றியும் உள்ள பிக்அப்பின் சுகமே தனி. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

வேட்டையின் இயல்பைப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். கொயோட்டியை நாம் தேடிப் போவதில்லை. மறைவாக அமர்ந்து, அடிபட்ட முயலின் அலறலை ஒலிக்கச்செய்து, அதை நம்மிடம் வரவழைக்கிறோம். கால் மணி நேரமோ இருபது நிமிடமோ காத்திருந்து எதுவும் வரவில்லையென்றால், ஒரு மைலுக்கும் அப்பால் உள்ள வேறோர் இடத்துக்கு நகர வேண்டும். டெக்சாஸ் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியாருக்குச் சொந்தம் என்பதால், உரிமமும் உரிமையாளர்களின் அனுமதியும் பெற்று, ஒரே நாளில் இரண்டு மூன்று பண்ணைகளுக்குப் போக நேரும். சைடு-பை-சைடு வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் அதை டிரெய்லரில் ஏற்றி இறக்கியாக வேண்டும். விடியற்காலை அமைதியில் அந்த இரும்புச் சாய்தளம் தரையில் விழும் ஓசை எவ்வளவு தொலைவு கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, இழுத்து வந்த வண்டியையும் டிரெய்லரையும் எங்கேனும் நிறுத்தவேண்டும் என்பதால், மறைக்க வேண்டியவை ஒன்றுக்கு மூன்றாகிவிடுகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த நிறுத்துமிடச் சிக்கல்தான். சைடு-பை-சைடு சிறியது, ஆகவே மறைப்பது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். நீளத்தில் அது உண்மை. ஆனால் உயரத்தில், கூரையோடு கூடிய ரேஞ்சர் ஆறடிக்கு மேல் நிற்கிறது. டகோமாவும் ஏறத்தாழ அதே உயரம்தான். சமவெளியில் வண்டியைக் காட்டிக்கொடுப்பது நீளத்தைவிட வானத்தின் பின்னணியில் தெரியும் அதன் மேல்விளிம்பே. எனவே இரண்டையுமே மேட்டின் மறுபக்கச் சரிவிலோ, வறண்ட ஓடைப் பள்ளத்திலோ இறக்கி நிறுத்தித்தான் ஆகவேண்டும். முன்கண்ணாடி உதிக்கும் சூரியனைப் பார்த்திருந்தால் அதன் பளிச்சீடு ஒரு மைல் தள்ளியும் தெரியும்; நிழலிலோ, சூரியனுக்கு முதுகுகாட்டியோ நிறுத்துவது நல்லது. வண்டிப்பாதைகளில் கொட்டப்பட்டிருக்கும் வெண்ணிறக் கலீச்சி மண், சற்று வேகமாக ஓட்டினாலே வெண்புழுதியை எழுப்பி, நாம் வருவதை அறிவித்துவிடும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால், சூடான புகைபோக்கி அதில் தீப்பற்ற வைக்கக்கூடும்.

காற்றின் திசை இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. அழைப்பைக் கேட்டு வரும் கொயோட்டி நேராக வருவது குறைவு. சுற்றிவளைத்து, காற்று நம்மைத் தாண்டிச் செல்லும் பக்கத்துக்கு வந்து மோப்பம் பிடிக்கவே முயலும். வண்டியைக் காற்று வரும் பக்கம் நிறுத்தினால் அதன் பெட்ரோல் வாடை நாம் அமர்ந்த இடத்தையும் கடந்து அந்தப் பக்கம் முழுவதும் பரவுகிறது. காற்று போகும் பக்கம் நிறுத்தினாலோ, சுற்றி வரும் விலங்கு வண்டியின் மேலேயே வந்து முட்டும். நாமும் வண்டி இருக்கும் திசையில் சுடக்கூடாது. ஆகவே காற்றுக்குக் குறுக்காக, முந்நூறு நானூறு கஜம் தள்ளிப் பள்ளத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே என் வழக்கம். அந்த நடைக்குச் சோம்பல்பட்டு அமரும் இடத்துக்கு அருகிலேயே ஓட்டிச்செல்ல வைக்கும் சபலம் சைடு-பை-சைடில் அதிகம் என்பது என் கணிப்பு. எங்கும் நுழையும் வண்டி எங்கும் நுழையத்தான் சொல்லும்.

ஓசையில் இரண்டுக்கும் குறைகள் உண்டு. பல சைடு-பை-சைடுகளில் அறைந்து சாத்தக் கதவில்லை; ஆனால் ஓடும்போது பெல்ட் இயக்கத்தின் இரைச்சல் பிக்அப்பைவிட அதிகம். பிக்அப்பின் ஓசையைப் பழக்கத்தால் அடக்கலாம்: கதவை அறைந்து சாத்தாமல் இடுப்பால் மெல்ல அழுத்தித் தாழ் பிடிக்க வைப்பது, உள்விளக்கை அணைத்துவைப்பது, சாவியின் பொத்தானை அழுத்தி ‘பீப்’ என்று ஒலிக்கவிடாமல் கையாலேயே பூட்டுவது, பின்தட்டில் உருளும் ஜாக்கியைத் துணியால் சுற்றிவைப்பது.

பிக்அப்புக்குச் சாதகமாக இன்னொன்றும் இருக்கிறது. பண்ணையாளர்கள் மாடுகளுக்குத் தீவனம் போட வருவதும், இப்பகுதியின் எண்ணெய் வயலான பெர்மியன் படுகையில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்வையிடும் பணியாளர்கள் அன்றாடம் சுற்றுவதும் பிக்அப்பில்தான். அந்த ஓசை கொயோட்டிக்குக் காற்றாலையின் ஓசையைப் போலப் பழகிப்போனது. கிணற்று மேடையருகே நிறுத்த எண்ணுபவர்கள் நிலத்துக்காரரோடு எண்ணெய் நிறுவனத்தின் அனுமதியும் தேவை என்பதையும், அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் ஆபத்து இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. ஓடும் பிக்அப்பிலிருந்தே கொயோட்டியைச் சுடும் வழக்கமுள்ள பண்ணைகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே அதே ஓசைதான் அதை விரட்டும்.

பிக்அப்பின் பின்தட்டில் உயரமான மேடை கட்டி, வெப்பக் காட்சிக் கருவியோடு இரவில் சுடுபவர்களும் உண்டு. அதில் எனக்கு அனுபவம் போதாது. வாகனத்தை மறைப்பது பற்றி நான் சொன்னவை இருட்டில் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். மின்சாரத்தில் ஓடும் ரேஞ்சரையும் நான் ஓட்டிப்பார்த்ததில்லை. இரைச்சல் என்ற குறையை அது பெருமளவு போக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பண்ணையிலேயே வீடும் கொட்டகையும் இருந்து, டிரெய்லர் தேவைப்படாமல் ஒரே வேலிக்குள் வேட்டையாடுபவராக இருந்தால், நானே அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.